கடலோரக் கதவுக்கு எந்தப் பூட்டு? சிலிண்டர் வாங்குமுன் அளக்க வேண்டியவை

சிலிண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சமையல் எரிவாயுதான் நினைவுக்கு வரும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வீட்டுக் குசினிகளில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்த பின்னர் அந்தச் சொல்லோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரை பேசுவது வேறொரு சிலிண்டரைப் பற்றி. அது கதவுப் பூட்டுக்குள் இருக்கும் விரல் நீளப் பித்தளைத் துண்டு. திறப்பை நாம் நுழைப்பது அதற்குள்தான். கள்ளன் குறிவைப்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால், பூட்டு வாங்கும்போது கைபிடியின் பளபளப்பையும் விலையையும் பார்க்கும் நாம், இந்தத் துண்டின் அளவைப் பார்ப்பதில்லை.

சாய்ந்தமருது போன்ற ஊரில் இது சின்ன விடயமல்ல. கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில், மதிலோடு மதில் முட்டும் வீடுகள் நிறைந்த ஊர் இது. கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். வீடு பெண்ணுடையது. அதன் பாதுகாப்பும் பெரும்பாலும் அவள் தலையிலேயே விழுகிறது. வாப்பா கடலுக்குப் போயிருப்பார், அல்லது கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். இரவில் வீட்டில் இருப்பது உம்மாவும் பிள்ளைகளும்தான்.

பூட்டுப் பற்றிய பயம் இங்கே திருடனோடு மட்டும் தொடர்புபட்டதுமல்ல. 2011 ஓகஸ்ட் மாதம் உடலில் கிரீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வீடுகளுக்குள் வருகிறார்கள் என்ற பீதி கிழக்கின் பல தமிழ், முஸ்லிம் ஊர்களைப் பிடித்து ஆட்டியது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வீட்டில் நடந்த மோதலிலும் குண்டுவெடிப்புகளிலும் சிறுவர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரான தேடுதல்கள் மக்கள் மனதில் இன்னும் இருக்கின்றன. பயம் கூடும்போது பூட்டும் கூடுகிறது. ஒரு கதவுக்கு மூன்று பூட்டு, கிரில்லுக்கு ஆமைப் பூட்டு, அதற்கு மேல் சங்கிலி என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். எண்ணிக்கை கூடினால் பாதுகாப்புக் கூடும் என்பது எப்போதும் சரியல்ல. சில வேளைகளில் அது வீட்டுக்குள் இருப்பவருக்கே பொறியாகிவிடும்.

சிலிண்டருக்குள் நடப்பது என்ன?

சிலிண்டருக்குள் ஒரு வரிசையில் ஐந்து அல்லது ஆறு சிறு துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையிலும் மேலும் கீழுமாக இரண்டு ஊசிகளும் அவற்றைத் தள்ளும் ஒரு சுருள்வில்லும் இருக்கும். திறப்பு இல்லாதபோது ஊசிகள் நடு உருளைக்குக் குறுக்கே நின்று அதைச் சுழலவிடாமல் தடுக்கும். சரியான திறப்பை நுழைத்தால் அதன் பற்கள் ஒவ்வொரு ஊசிச் சோடியையும் சரியான உயரத்துக்குத் தூக்கும். எல்லாச் சோடிகளின் பிரிகோடும் ஒரே நேர்கோட்டில் வந்ததும் உருளை சுழலும். அதோடு சேர்ந்து சிலிண்டரின் நடுவிலுள்ள பல் திரும்பி, கதவுக்குள் இருக்கும் பூட்டின் நாக்கை இழுக்கும்.

எகிப்தியர் மரத்தால் செய்த பழைய ஊசிப் பூட்டுகளின் தத்துவமும் இதுவே. அதை இன்றைய தட்டையான சிறு திறப்போடு உலோகத்தில் செய்து 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் இளையவர். நம் வீட்டுச் சிலிண்டர் பூட்டுகளில் பெரும்பாலானவை இன்றும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன.

மலிவான சிலிண்டரில் ஊசிகள் குறைவு, உயர வேறுபாடுகளும் குறைவு. அதனால் அடுத்த வீட்டுத் திறப்புக்கு நம் கதவு திறந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஈஎன் 1303 என்ற ஐரோப்பியத் தரநிலை இதையும் கணக்கில் எடுக்கிறது. அதன் மிகத் தாழ்ந்த திறப்புப் பாதுகாப்புத் தரத்துக்கு 100 வெவ்வேறு திறப்புகள் இருந்தால் போதும். மிக உயர்ந்ததான 6ஆம் தரத்துக்கு 100,000 வேண்டும். ஒரே மாதிரி வரிசை வீடுகளுக்கு மொத்தமாக வாங்கிப் பூட்டுப் பொருத்தும்போது இந்த வித்தியாசம் பெரிது. சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள், கட்டும்போது போட்ட பூட்டு இன்னும் அப்படியே இருந்தால், சிலிண்டரை மாத்திரமாவது மாற்றிவிடுவது நல்லது. அந்தத் திறப்பின் பிரதிகள் யார் யார் கையில் போயின என்பதற்கு இன்று யாரிடமும் கணக்கில்லை.

பலவீனம் எங்கே இருக்கிறது?

சிலிண்டரை வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் நடுவில் இரண்டு விடயங்கள் தெரியும். ஒன்று சுழலும் பல். மற்றது அதன் கீழே, குறுக்காகத் துளைத்த திருகாணித் துளை. கதவின் ஓரத்திலிருந்து வரும் ஒரு நீளத் திருகாணி அந்தத் துளையில் ஏறித்தான் சிலிண்டரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த இடத்தில் உலோகம் மிக மெல்லியது. சிலிண்டரின் வெளிமுனை கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அதைக் கருவியால் பிடித்து அந்த மெல்லிய இடத்தில் முறித்துவிட முடியும். உள்ளே எத்தனை ஊசி இருந்தாலும் அப்போது பயனில்லை.

பிரித்தானியாவில் இந்த முறையில் வீடுடைப்புகள் பெருகியபோதுதான் டிஎஸ் 007 என்ற தரநிலை கொண்டுவரப்பட்டது. அது நட்சத்திரங்களால் மதிப்பிடுகிறது. மூன்று நட்சத்திரச் சிலிண்டர் தனியே போதும். ஒரு நட்சத்திரச் சிலிண்டர் என்றால் அதை மூடிக் காக்கும் இரண்டு நட்சத்திரக் கைபிடியும் சேர வேண்டும். இத்தகைய சிலிண்டர்களில் வெளிமுனைக்கு அருகே வேண்டுமென்றே ஒரு வெட்டு விடப்பட்டிருக்கும். முறிக்க முயன்றால் அந்த நுனி மட்டும் உடைந்து விழும். மிச்சம் உள்ளேயே இருந்து கதவைப் பூட்டியபடி வைத்திருக்கும்.

இன்னும் இரண்டு தாக்குதல்கள் உண்டு. ஒன்று துளையிடல். அதைத் தடுக்க நல்ல சிலிண்டர்களின் முன்பக்கத்தில் கடினப்படுத்திய உருக்கு ஊசிகள் பதிக்கப்பட்டிருக்கும். மற்றது, சிறப்பாக வெட்டிய திறப்பை நுழைத்துத் தட்டி, ஊசிகளை ஒரு கணம் துள்ளவைத்துத் திறப்பது. 2000களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தில் பூட்டு ஆர்வலர்கள் இதைப் பகிரங்கமாகச் செய்து காட்டிய பின்னரே பல நாடுகளில் சாதாரண மக்களுக்கு இது தெரியவந்தது. இடை குறுகிய, நூல்சுற்றும் கட்டை போன்ற வடிவமுள்ள ஊசிகள் இதைக் கடினமாக்கும்.

ஆனால் நம் ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது துருத்தல்தான். இங்கே ஹாட்வெயார் கடைகளில் கையில் கிடைக்கும் அளவை வாங்கிப் பொருத்திவிடுகிறோம். கதவு மெல்லியதாக இருந்தால் சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். விலை கூடிய சிலிண்டராக இருந்தாலும் பத்து மில்லிமீற்றர் துருத்தினால் அது பலவீனமான சிலிண்டர்தான். அளவு சரியான நடுத்தர விலைச் சிலிண்டர் அதைவிட மேல்.

எப்படி அளப்பது?

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டின் நாக்கு வரும் தகட்டில், சிலிண்டரின் உயரத்துக்கு நேரே ஒரு திருகாணித் தலை இருக்கும். அந்தத் திருகாணியின் மையம்தான் கணக்கின் தொடக்கம். அங்கிருந்து கதவின் வெளிப்பக்கம் வரை ஓர் அளவு, உட்பக்கம் வரை ஓர் அளவு எடுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள மூடுதகட்டின் கனத்தையும் இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் 35, உட்பக்கம் 30 மில்லிமீற்றர் என்று வந்தால் கடையில் கேட்க வேண்டியது "65 சிலிண்டர்" அல்ல, "வெளியே 35, உள்ளே 30". மொத்தம் ஒன்றாக இருந்தாலும் பக்கங்கள் மாறினால் ஒரு பக்கம் துருத்தும், மறுபக்கம் குழியும். வெளிமுனை மூடுதகட்டோடு மட்டமாக இருப்பதே நல்லது. இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. உட்பக்கம் சிறிது நீண்டிருந்தாலும் ஆபத்தில்லை.

பழைய சிலிண்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது வழக்கம். அது துருத்திய சிலிண்டராக இருந்தால் அதே பிழையையே மீண்டும் வாங்கி வருவீர்கள். கதவையே அளந்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்.

கடற்காற்றுக்குத் தாங்குமா?

கடலோரத்தில் பூட்டின் முதல் எதிரி உப்பு. வெளியே பளபளக்கும் சிலிண்டருக்குள் சாதாரண உருக்குச் சுருள்வில் இருந்தால் அது துருப்பிடித்து, ஒரு நாள் திறப்பு பாதியில் நின்றுவிடும். ஈஎன் 1303இன் குறியீட்டில் எட்டு இடங்கள் உண்டு. ஆறாவது இடம் அரிப்புத் தாங்கும் தன்மையைச் சொல்கிறது. அங்கே 0 இருந்தால் அரிப்புக்குச் சோதிக்கப்படவில்லை. ஏ அல்லது சி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்தச் சோதனையைக் கடந்தது. ஏழாவது இடம் திறப்பின் பாதுகாப்பு, எட்டாவது இடம் உடைப்பைத் தாங்கும் தன்மை. பெட்டியில் வெறுமனே "உயர் பாதுகாப்பு" என்று அச்சிட்டிருந்தால் அது விளம்பரம். எட்டு இடக் குறியீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

குறியீடே இல்லாத சிலிண்டர்தான் கிடைக்கிறது என்றால், கையில் எடுத்து எடையைப் பாருங்கள். ஒரே அளவில் பித்தளை கனமாக இருக்கும், நாகக் கலப்பு இலேசாக இருக்கும். திருகாணித் துளையின் உட்புறத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் நாகக் கலப்பு.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். அன்று இலகுவாகத் திரும்பும். பிறகு அந்த எண்ணெயில் மணலும் தூசும் ஒட்டிக் களியாகி, ஊசிகளைப் பிடித்துவிடும். பென்சில் கரித்தூளைத் திறப்பில் தடவி நுழைத்துப் பல முறை திருப்புங்கள். எண்ணெயையும் கரித்தூளையும் கலக்க வேண்டாம்.

உள்ளிருந்து வெளியே வர முடியுமா?

இதுதான் கடலோர வீட்டுக்காரர் கடையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோனது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிச் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர ஊர்கள் மீண்டும் வீடுகளை விட்டு ஓடின. அலை வரவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கும் நேரம் எவ்வளவு விலை கூடியது என்பதை அந்த நாளும் காட்டியது.

சிலிண்டரில் இரண்டு வகை உண்டு. இரண்டு பக்கமும் திறப்பு வேண்டியது ஒன்று. வெளியே திறப்பு, உள்ளே கையால் திருப்பும் குமிழ் உள்ளது மற்றது. ஆட்கள் படுத்துறங்கும் வீட்டின் முன்கதவுக்குக் குமிழ் வகையே ஏற்றது. இருட்டில், புகையில், பிள்ளையைத் தூக்கிய கையோடு திறப்பைத் தேட வேண்டியதில்லை. கதவின் பக்கத்தில் கண்ணாடி இருந்து, அதை உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருப்பலாம் என்ற பயம் இருந்தால், கண்ணாடிக்குக் கம்பி போடுங்கள். இருபக்கத் திறப்பு வகையே வீட்டில் இருக்கிறது என்றால், உட்பக்கத் திறப்பு ஒன்றைக் கண்ணாடிக்கு எட்டாத, ஆனால் வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஓர் ஆணியில் எப்போதும் தொங்கவிடுங்கள். கிரில்லின் ஆமைப் பூட்டுக்கும் இதே விதிதான்.

வயதான உம்மாவோ வாப்பாவோ தனியே இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல் வரும். உள்ளே திறப்பைச் செருகியபடி விட்டு அவர்கள் விழுந்துவிட்டால், சாதாரணச் சிலிண்டரை வெளியிலிருந்து திறக்க முடியாது. உட்பக்கத்தில் திறப்பு இருந்தாலும் வெளியிலிருந்து மற்றொரு திறப்பால் திறக்கக்கூடிய சிலிண்டர்கள் தனியாக விற்கப்படுகின்றன. குமிழ் வகையிலும் இந்தச் சிக்கல் இல்லை.

அம்மா கடைக்குப் போகும்போது சிறு பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே ஆமைப் பூட்டைப் போடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். நெருப்புப் பிடித்தாலும் கடல் வந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு வழியே இல்லை.

பொருத்தும் போது

சிலிண்டரை மட்டும் மாற்றுவதற்கு ஓடாவியார் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்து, ஓரத்திலுள்ள நீளத் திருகாணியை முழுவதும் கழற்றுங்கள். திறப்பை நுழைத்துச் சிறிதளவு திருப்பினால் நடுப்பல் சிலிண்டரின் உடலோடு நேராக வரும். அப்போது மெதுவாக இழுத்தால் வந்துவிடும். புதியதை அதே போல நுழைத்து, திருகாணியைக் கையால் பிடித்து ஏற்றுங்கள். மிதமாக இறுக்கினால் போதும். கூடுதலாக இறுக்கினால் திறப்புத் திரும்பக் கடினமாகும். கதவை மூடுமுன், திறந்த நிலையிலேயே இரண்டு பக்கமும் பல தடவை பூட்டித் திறந்து பாருங்கள்.

புதிய கதவில் முழுப் பூட்டையும் பதிப்பது ஓடாவியாரின் வேலை. அவரிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள். பூட்டுப் பெட்டிக்காகக் கதவைத் தேவைக்கு மேல் குடைய வேண்டாம், குடைந்த இடத்தில்தான் கதவு பிளக்கும். நாக்கு நுழையும் நிலைத்தகட்டுக்குச் சிறு ஆணி போதாது. மரநிலையென்றால் மூன்று அங்குலத் திருகாணி, கொங்கிறீற் நிலையென்றால் துளையிட்டுப் பிடிகட்டை வைத்த ஆணி வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது என்றால் பிணைச்சலின் ஊசியை வெளியிலிருந்து உருவ முடியாதபடி செய்ய வேண்டும்.

இரட்டைக் கதவுள்ள வீடுகள் இங்கே அதிகம். எவ்வளவு நல்ல சிலிண்டர் போட்டாலும், நிலையான பாதிக் கதவின் மேலும் கீழுமுள்ள தாழ்ப்பாள்கள் நிலத்திலும் நிலையிலும் ஆழமாக இறங்காவிட்டால், ஒரு தோள் தள்ளலில் இரண்டும் சேர்ந்து திறக்கும். சிலிண்டருக்குச் செலவழிக்குமுன் அந்தத் தாழ்ப்பாள்களைப் பாருங்கள். குசினிக் கதவையும் மறக்க வேண்டாம். முன்கதவில் நல்ல பூட்டும் பின்கதவில் ஒரு கொளுக்கியும் உள்ள வீட்டுக்குக் கள்ளன் பின்வழியாகத்தான் வருவான்.

திறப்பு யாரிடம்?

கீழ்வீட்டில் உம்மா, மேல்மாடியில் மகள், அதே வளவில் இன்னொரு மகள் என்று வாழும் குடும்பங்களில் ஒரு கதவுக்கு ஐந்தாறு திறப்புகள் சுற்றுவது இயல்பு. வீடு கட்டிய மேசன், வயரிங் செய்தவர், முன்பு இருந்த வாடகைக் குடும்பம் என்று இன்னும் சிலரிடமும் இருந்திருக்கும். திறப்பு ஒன்று காணாமற் போனாலும், குடியிருந்தவர் மாறினாலும், முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. சிலிண்டரை மட்டும் மாற்றினால் பழைய திறப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் செல்லாக்காசாகும். 2022 நெருக்கடிக்குப் பின் இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறியுள்ள இந்நாளில் இது பெரிய மிச்சம்.

சில சிலிண்டர்களுக்குத் திறப்போடு ஓர் அட்டையும் வரும். அந்த அட்டையைக் காட்டினால்தான் பிரதி வெட்டித் தருவார்கள். வாடகைக்கு விடும் வீடுகளுக்கு இது உதவும். திறப்பைப் படமெடுத்து முகநூலில் போடுவதையும், பூச்சாடிக்கு அடியிலும் மின்மானிப் பெட்டிக்குள்ளும் ஒளிப்பதையும் விட்டுவிடுங்கள். பக்கத்திலிருக்கும் ராத்தாவிடமோ மாமியிடமோ ஒரு திறப்பைக் கொடுத்து வைப்பது இவற்றைவிடப் பாதுகாப்பானது.

பூட்டால் முடியாதவை

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட தமிழர்களுக்கும் பூட்டின் எல்லை தெரியும். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்குப் பூட்டு மட்டுமல்ல, கதவும் நிலையும் கூரையும்கூட மிஞ்சவில்லை. ஆள் இல்லாத வீட்டை எந்தப் பூட்டும் ஆண்டுக்கணக்கில் காத்துத் தராது. பூட்டு வாங்கித் தருவது சில நிமிடங்களை. சந்தர்ப்பம் பார்த்து வரும் கள்ளன் அந்த நிமிடங்களில் சத்தத்துக்குப் பயந்து விலகுவான். அயல்வீட்டார் விழித்துக்கொள்வார்கள், 119க்கு அழைக்க நேரம் கிடைக்கும்.

ஆகவே உறுதிப்பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வையுங்கள். மூலப் பத்திரங்களை ஒரே பையில் போட்டு, வெளியேறும்போது கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து ஊர் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒருவர் கதவைத் திறந்து, விளக்குப் போட்டு, பூட்டைத் திருப்பிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். உப்புக் காற்றில் திருப்பாமல் கிடக்கும் பூட்டு இறுகிவிடும்.

இன்றிரவு ஓர் அடிமட்டத்தை எடுத்து முன்கதவின் சிலிண்டர் வெளியே எத்தனை மில்லிமீற்றர் துருத்துகிறது என்று அளந்து பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் அதை மாற்ற வேண்டும். பிறகு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள மிகச் சிறிய பிள்ளையிடம் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க முடியாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும்.